பஞ்சு நாட்டில் ஆள் எடுக்கிறார்கள்

அத்தியாயம் பதினாலு

போன வாரம் படிச்சவங்களுக்கு நெனப்பிருக்கும். துவைக்க எடுத்த சட்டையை மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்துட்டு பங்கஜம் அப்படியே நின்னுட்டா. இருபத்தி மூணு வருஷமா, ஃபேக்டரி ஓடாத நாள்ல கூட, வீட்டுக்காரரு சட்டைல தேயிலை காய வெக்கற டிரையரோட சூட்டு வாசம் அடிக்காம இருந்ததில்ல. அன்னிக்கு வெறும் சோப்பு வாசம்தான் அடிச்சுது. கேட்டதுக்கு ஆறுக்குட்டி, "வேர்க்கலை, அதான்"னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டாரு.

புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. மேல்சோலை எஸ்டேட்டு மலை மேல, கட்டபெட்டுல இருந்து மூணு மைலு. தேயிலைக்கு விலை விழுந்ததுல இருந்து ஃபேக்டரி வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளுன்னு ஓடிட்டு இருக்குது. அங்க டீமேக்கரு ஆறுக்குட்டி. கொழுந்து வாட்டறதுல இருந்து தூளா மூட்டை கட்டற வரைக்கும் அவரு பொறுப்பு. அவரு சம்சாரம் பங்கஜம் கதை எழுதறவ. அதுவும் மாயாஜாலக் கதை. கோயமுத்தூர்ல இருந்து வர்ற ஒரு வாரப் பத்திரிகைல 'அடுப்பூர்'னு அவ எழுதற தொடர் அறுவத்தியோரு வாரமா ஓடுது. மலைக்குள்ள ஒரு ஊரு. ஊரு நடுவுல ஒரு பெரிய அடுப்பு. அது எரியற வரைக்கும் யாருக்கும் குளிரு இல்ல. அடுப்பைக் காக்கறது பூதங்க. அணைக்கப் பாக்கறது ராசா. அவ்வளவுதான் கதை.

அந்த அடுப்பு அணைஞ்சே போச்சுன்னு போன வாரம் எழுதி அனுப்பிட்டா. இப்ப எப்படிப் பத்த வெக்கறதுன்னு அவளுக்கே தெரியலை.

பங்கஜத்துக்குப் புதன்கிழமைதான் கெடு. மதியம் சாப்பிட வர்ற ஆறுக்குட்டி திரும்பிப் போறப்ப கவரை வாங்கிட்டுப் போயி தபால்ல சேத்துருவாரு. அதுக்குள்ள பத்துப் பக்கம் எழுதியிருக்கணும்.

அவ எழுதறது வெய்யிலோடதான். மாசி மாசத்துக் குளுருல வெரலு பேனாவைப் புடிக்காது. எட்டரைக்குப் பின்பக்கப் படில வெய்யிலு விழும், அங்க பரீட்சை அட்டையை மடில வெச்சுட்டு உக்காருவா. பத்து மணிக்கு வெய்யிலு கொய்யா மரத்தடிக்கு நகந்தா அவளும் நகந்துக்குவா. பதினொண்ணரைக்கு முன்வாசல். படில பூதங்க பேசும், கொய்யா மரத்தடில சண்டை நடக்கும், முன்வாசல்ல யாராச்சும் அழுவாங்க. இடம் மாறி உக்காந்தா வராது.

எழுதறப்ப வாய் விட்டுப் பேசுவா. பூதத்துக்குக் கட்டைக் குரலு, ராசாவுக்கு மூக்கால பேசற குரலு. அந்தப் பக்கம் போறவங்க, "அம்மா சண்டைல இருக்காங்க, அப்புறமேட்டுக்கு வரலாம்"னு திரும்பிப் போயிருவாங்க.

கதைக்கு வேண்டியதெல்லாம் கண்ணுக்கு முன்னாடியே கிடக்குதுன்னு சொல்லுவா. எதுத்தாப்புல இருக்கற பதினொண்ணாம் நம்பர் காட்டுல ரெண்டு வருஷமா கவாத்து இல்ல. இடுப்பு உசரத்துக்கு நிக்க வேண்டிய தேயிலைச் செடியெல்லாம் ஆளு உசரம் தாண்டிப் போயிருச்சு. வருஷா வருஷம் தலையை வெட்டிக் குட்டையாவே வெச்சிருந்த படை, கத்தி வரலைன்னதும் எந்திரிச்சு நின்னுச்சுன்னு முப்பதாவது வாரத்துல எழுதினா. அதுக்கு மட்டும் நாப்பது லெட்டர் வந்துச்சு.

ஒரே ஒரு வழக்கம் மட்டும் வித்தியாசம். அச்சுல வந்ததைப் படிக்க மாட்டா. படிச்சா அடுத்தது வராதுன்னு ஒரு பயம். பத்திரிகை வந்ததும் பிரிக்காம அப்படியே எஸ்டேட்டுப் பிள்ளைங்களைப் பாத்துக்கற ஆயா ஜெஸிந்தாகிட்டக் குடுத்துருவா. ஜெஸிந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிலாளிங்க குடியிருக்கற லைன்ல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டும்.

இந்தப் புதன்கிழமை, படி வெய்யிலு போயிக் கொய்யா மரத்தடிக்கு வந்தாச்சு. தாள்ல மூணு வரி. மூணும் அடிச்சது.

"டீமேக்கரம்மா, சண்டைல இருக்கீங்களா?"

மருதாயி. லைன் ஊட்டுக்காரி. லைனை அவ லயம்னுதான் சொல்லுவா. பத்து வயசுல அப்பா அம்மாவோட சிலோன்ல இருந்து கப்பலேறி வந்தவ. கொழுந்து எடுக்கற கூடை இல்லாம, கல்யாணச் சேலை கட்டி, தலையைப் படிய வாரிட்டு வந்து நின்னா.

"இல்ல மருதாயி, பூதமெல்லாம் தூங்குது. வா. என்ன இன்னிக்கு இம்புட்டு ஜோரா? யாருக்குக் கல்யாணம்?"

"எங்க லயத்துல யாருக்குங்க கல்யாணம்? போயிட்டு வாறோம்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

"எங்க போற?"

"திருப்பூருக்கு. ஒண்ணரை பஸ்சுக்கு. பனியன் கம்பெனில பாப்பாவுக்கும் சேத்து மூணு பேருக்கு இடம் இருக்குதாம். நாளைக்குள்ள வந்தாத்தான் உண்டுன்னு கம்பெனி ஆளு சொல்லி உட்டிருக்கு."

பங்கஜம் அட்டையைக் கீழ வெச்சா. பாப்பான்னா சுகுணா. தன் மக தாரிணியோட ஒரே பெஞ்சுல உக்காந்து பன்னெண்டாவது படிக்கற புள்ள. தாரிணிக்குப் புரியாத கணக்கையெல்லாம் சொல்லிக் குடுக்கற புள்ள.

"ஏம் மருதாயி, பரீட்சைக்கு இன்னும் மூணு வாரந்தானே இருக்குது?"

"இருக்குதுங்கம்மா. நேத்தெல்லாம் ஒரே அழுகை. என்ன செய்யறது? நீங்களே அமாவாசைக்கு முந்தி எறங்கச் சொல்லிட்டீங்க. நல்ல வேளை, சொன்னீங்க."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

மருதாயி சிரிச்சா. ரகசியம் தெரிஞ்சவ இன்னொருத்தியைப் பாத்துச் சிரிக்கற சிரிப்பு அது.

"போன வெள்ளிக்கிழமை ஆயா படிச்சுச்சே. பிள்ளைக்காரங்க மொதல்ல எறங்குங்க, பஞ்சு நாட்டுல ஆள் எடுக்கறாங்கன்னு. பஞ்சு நாடுன்னா திருப்பூருதானே? எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கே ஆளுகிட்டப் பேசிட்டாரு."

"அய்யோ மருதாயி, அது கதை. நான் அப்படி ஒரு வரி எழுதவே இல்ல, சத்தியமா."

"நீங்க அப்படித்தாம்மா சொல்லணும். சொன்னீங்கன்னு வெளிய தெரிஞ்சா ஐயா வேலை போயிரும்ல? எங்களுக்குத் தெரியாதா?" கையெடுத்துக் கும்பிட்டா. "இந்த லயத்துல பொறந்த புள்ளைங்களுக்கு யாரும் எதையும் முன்னாடி சொன்னதில்லைங்கம்மா. நீங்க சொன்னீங்க. அது போதும்."

அவ போயிட்டா.

உள்ள இருந்து தாரிணி வந்தா. ஸ்டடி லீவுல வீட்டுல இருக்கறவ. கைல ஒரு கட்டு நோட்டு.

"அம்மா, இதைப் பாரு. சுகுணா காலைல வந்து இத்தனையும் எனக்கே குடுத்துட்டுப் போறா. நீயே வெச்சுக்கடி, எனக்கு இனி வேண்டாங்கறா. அவளோட ஹால் டிக்கெட்டு நம்பரைக் கூட அடிச்சு வெச்சிருக்கா பாரு." கட்டை அம்மா மடில வெச்சா. "உன் கதையாலதானாமா? லைன்ல எல்லாரும் சொல்றாங்க."

"நான் எழுதலை தாரிணி."

"அப்புறம் யாரு எழுதினா? பூதமா?"

மணி பதினொண்ணே கால். பங்கஜம் செருப்பை மாட்டிக்கிட்டா.

ஜெஸிந்தா ஆயா தொட்டில் ஆட்டிட்டு இருந்துச்சு. முன்ன இருவது பிள்ளைங்க இருந்த இடம். இப்ப நாலு.

"வாங்க எழுத்தாளரே. அடுப்பு அணைஞ்சிருமா என்ன? ராப்பூரா இதே பேச்சா இருக்குது லைன்ல."

"ஆயா, போன வாரப் புத்தகம் எங்க?"

அரிசி டின்னு மேல இருந்து எடுத்துக் குடுத்துச்சு. பிள்ளைங்க கையி பட்டு ஓரமெல்லாம் பிஞ்சு போயிருந்துச்சு. பங்கஜம் தன்னோட பக்கத்தைத் தேடிப் பிரிச்சா. அறுவத்தியோரு வாரத்துல மொத தடவையா தன் கதையை அச்சுல படிச்சா.

எல்லாம் அவளோடதுதான். மூணு வாரத்துக்கு முன்னாடி எழுதினது. அடுப்புல நெருப்பு கொறையுது, கிழட்டுப் பூதம் கையைக் காட்டிக் காட்டிப் பாக்குது. அப்புறம் நடுவுல திடீர்னு:

'மலைக்குக் கீழே பஞ்சு நாட்டில் ஆள் எடுக்கிறார்கள். பிள்ளை குட்டி உள்ளவர்கள் அமாவாசைக்கு முன் இறங்குவது நல்லது. பிந்தி வருகிறவர்களுக்கு இடம் இருக்காது.'

அதுக்கு அடுத்த வரில பூதம் மறுபடியும் பெருமூச்சு விட ஆரம்பிச்சிருந்துச்சு.

"இது நோட்டீஸ் போர்டு மாதிரியில்ல இருக்குது!"ன்னா பங்கஜம்.

"அதேதான் நாங்களும் சொன்னோம். அம்மா இத்தனை நாளு சுத்தி வளைச்சுச் சொன்னாங்க, இந்த வாரம் நேராவே சொல்லிட்டாங்கன்னு."

"இத்தனை நாளா? இத்தனை நாளா என்ன சொன்னேன்?"

ஜெஸிந்தா வெரலு விட்டு எண்ணுச்சு. "அடுப்புன்னா டிரையரு. ராசான்னா முதலாளி. மூக்கால பேசறான்ல, அதுலயே புடிச்சிட்டோம். கணக்கப்பூதம் நம்ம மேனேஜரு. கிழட்டுப் பூதம்..." கொஞ்சம் இழுத்துச்சு. "கோவிச்சுக்காதீங்க, அது உங்க வீட்டுக்காரருதானே?"

"ஆயா, நான் என் வீட்டுச் சமையல் அடுப்பைப் பாத்துட்டு எழுதினேன்!"

"சரிங்க, சரிங்க." தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. "நாங்களும் யாருகிட்டயும் சொல்லலை."

தலைல அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரு வருஷமா இந்தச் சனங்க தன் கதையைக் கதையாவே படிக்கலை. டீமேக்கர் ஊட்டுல இருந்து வர்ற சேதின்னு படிச்சிருக்காங்க. கதைல மகாராணி அழுதா சம்பளம் லேட்டு, பூதம் சிரிச்சா ஃபேக்டரி நாலு நாளு ஓடும்னு. அதுல பாதி பலிச்சும் இருக்குது. அவ சட்டை வாசத்தைப் பாத்து எழுதினதை, மூஞ்சியைப் பாத்து எழுதினதை, அவங்க சரியாவே படிச்சிருக்காங்க. ஆனா இந்த மூணு வரி அவளோடது இல்ல.

எஸ்டேட்டு கேட்டுக்கிட்ட இருக்கற கடையில ஃபோன் இருந்துச்சு. பத்திரிகை ஆபீசுக்குப் போட்டா, கிடைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. உதவி ஆசிரியர் பாலசுப்பிரமணியம் எடுத்தாரு.

"அம்மா, வணக்கம். இந்த வாரம் கவரு கிளம்பிருச்சுங்களா?"

"தம்பி, போன இதழ்ல என் கதைல யாரு வரி சேத்தது?"

"நாங்க யாரும் கை வெக்கலைங்கம்மா. ஒரு நிமிஷம்." தாள் பொரட்டற சத்தம். கடைக்காரரு கடியாரத்தைப் பாத்தாரு, பங்கஜமும் பாத்தா. "இதோ இருக்குங்க. பஞ்சு நாட்டில் ஆள் எடுக்கிறார்கள். உங்க தாள்லயே இருக்குதுங்களே. ஓரத்துல பென்சில்ல எழுதி, அம்புக்குறி போட்டு உள்ள சேத்திருக்கீங்க. கடைசி நேரத்துல தோணுச்சு போலன்னு நெனச்சோம். பூதக் கதைல வேலைக்கு ஆள் தேவையான்னு ஆபீசுல ஒரே சிரிப்புங்க."

"எழுத்து எப்படி இருக்குது?"

"எழுத்துங்களா? எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு, ஏணி சாத்தி வெச்ச மாதிரி இருக்குங்க. ஏங்கம்மா, உங்க கை இல்லையா?"

பங்கஜம் ஃபோனை வெச்சா. அந்த ஏணி எழுத்தை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு வந்த ஒரே ஒரு லெட்டரும் அந்த எழுத்துலதான் இருந்துச்சு.

திரும்பினா, தாரிணி பின்னாடியே மூச்சு வாங்க நிக்கறா.

"நீ எங்க வர்ற?"

"நானும் வர்றேன். சுகுணாவுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியணும்."

ஃபேக்டரில சத்தமே இல்ல. மாடில கொழுந்து வாட்டற தட்டெல்லாம் காலி. கீழ ஆறுக்குட்டி ஒத்தையா நின்னு, கொழுந்து உருட்டற, இப்ப ஓடாத ரோலரோட பித்தளைத் தகட்டைத் துணியால தொடச்சிட்டு இருந்தாரு. பல்லு விளக்கற மாதிரி ஓரம் ஓரமா தொடச்சிட்டு இருந்தாரு.

"சாப்பாட்டுக்கு நானே வந்துருப்பேனே பங்கஜம்?"

"ஏனுங்க, என் கதைல கை வெச்சீங்களா?"

துணி நின்னுச்சு.

"எந்தக் கதைல?"

"பஞ்சு நாட்டுக் கதைல. பொய் சொல்லாதீங்க. ஆபீசுல தாளை எடுத்துப் பாத்துட்டாங்க."

ஆறுக்குட்டி வெளிய எட்டிப் பாத்தாரு. தள்ளி நிக்கற தாரிணியைத் தவிர யாரும் இல்ல. ஒரு பெட்டி மேல உக்காந்தாரு.

"அமாவாசையோட ஃபேக்டரிக்குப் பூட்டுங்களா?"ன்னு அவளே கேட்டா.

அவரு தலையைக் கூட ஆட்டலை. தரையைப் பாத்துட்டே இருந்தாரு.

"ஏனுங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"என்னைக் கேக்காதே. என்னால பேச முடியாது." குரலு கம்மிப் போயிருந்துச்சு. "போன மாசம் முதலாளி கூப்புட்டாரு. ஒண்ணு சொன்னாரு. என்னன்னு நீயே சொல்லிட்டே. வெளிய தெரிஞ்சா மிஷினைக் கீழ எறக்க ஆளுங்க உடமாட்டாங்க, அதனால யாருகிட்டயும் வாய் தெறக்கக் கூடாதுன்னாரு. சரிங்கன்னேன். சரின்னாப் பத்தாது, புள்ள தலைல அடிச்சு சத்தியம் பண்ணுன்னாரு."

"எந்தப் புள்ள மேல?"

"நமக்கு எத்தனை புள்ள இருக்குது பங்கஜம்?"

அவ வாசப் பக்கம் திரும்பிப் பாத்தா.

"பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். பண்ணலைன்னா அன்னிக்கே என்னைக் கணக்கு முடிச்சு அனுப்பிருப்பாரு. அப்புறம் இந்தச் சனங்களுக்குச் சொல்றதுக்கு ஆளே இருந்திருக்காது." துணியை மடிச்சு மடிச்சு நாலாக்கினாரு. "சொல்லாமயும் இருக்க முடியலை. காலைல வந்தா எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. ராத்திரி சாப்பாடு எறங்கலை. வாயால சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன், எழுத மாட்டேன்னு பண்ணலையேன்னு தோணுச்சு. உன் கவரைத் தபால்ல போடறதுக்கு முன்னாடி பிரிச்சேன்."

"என்கிட்டக் கூட எழுதிக் காட்டணும்னு தோணலையா உங்களுக்கு?"

"உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சி சொல்லிரும். உன் கதை அதை விட வெசையாச் சொல்லிரும்."

பங்கஜம் கேட்டா. "பிள்ளைக்காரங்க முதல்லன்னு எதுக்குங்க எழுதினீங்க? சுகுணாவைப் பரீட்சை எழுத விடாமக் கூட்டிட்டுப் போறாங்க. இன்னிக்கு, ஒண்ணரை பஸ்சுல."

"வேலை தீந்து போறதுக்கு முன்னாடி அவங்களுக்குக் கிடைக்கட்டும்னுதான்..." அவரு பாதில நிறுத்தினாரு. "பரீட்சை எனக்கு நெனப்பே வரலை பங்கஜம்."

"உங்க புள்ளைக்கும் அதே பரீட்சைதான்."

ஆறுக்குட்டி நெத்தியைப் புடிச்சுக்கிட்டாரு.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்? சும்மா கதைதான், பஸ்சை விட்டு எறங்குங்கன்னு சொல்லவா? சொன்னா எறங்கிருவாங்க. அப்புறம் அமாவாசைக்கு அடுத்த நாளு இந்த மலையே திருப்பூருக்கு ஓடறப்ப அவங்களுக்கு இடம் இருக்காது. நெசம்னு சொல்லவா?" அவ குரலும் இறங்கிப் போச்சு. "நான் சொன்னா அது நீங்க சத்தியத்தை மீறின மாதிரியா, இல்லையா?"

"தெரியலை."

"தெரியலைன்னா எப்படிங்க?"

"தெரியலை, தாயி. நான் அதை எழுதி அனுப்பின நாள்ல இருந்து, தாரிணி ஒரு தும்மலு தும்மினாக் கூட எனக்குத் தூக்கம் போயிருது."

கதவோரத்துல ஏதோ சத்தம். ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. வெளிய நிக்கச் சொன்ன தாரிணி உள்ள நின்னுட்டு இருந்தா. எல்லாத்தையும் கேட்டிருக்கான்னு அவ மூஞ்சியே சொல்லுச்சு. அப்பாவை ஒரு பார்வை பாத்தா. அப்புறம், "அம்மா, மணி ஒண்ணேகால்"னா.

எஸ்டேட்டு கேட்டு வரைக்கும் எறக்கம். அம்மாவும் மகளும் ஓடினாங்க. பஸ்சு ஏற்கெனவே வந்து நின்னுட்டு இருந்துச்சு. லைன்ல பாதிப் பேரு வழியனுப்ப வந்திருந்தாங்க, இடுப்புல ஒரு பிள்ளையோட ஜெஸிந்தாவும் இருந்துச்சு. மருதாயி வீட்டுக்காரரு பழனியாண்டி பஸ்சு மேல ஏறி நின்னு ஒரு தகரப் பெட்டியைக் கட்டிட்டு இருந்தாரு. சுகுணா ஜன்னலோரம் உக்காந்து எங்கயோ பாத்துட்டு இருந்தா. தாரிணியைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

"பழனியாண்டி, கொஞ்சம் எறங்கி வாங்க!"

"என்னங்கம்மா, நேரமாகுதுங்க."

"சுகுணாவை எங்க ஊட்டுல விட்டுட்டுப் போங்க. மூணு வாரம். தாரிணியோட சேந்து படிக்கட்டும், பரீட்சை எழுதட்டும். முடிஞ்ச அன்னிக்கு நானே திருப்பூருக்குக் கூட்டிட்டு வந்து உடறேன்."

பழனியாண்டி ஏணில பாதி இறங்கி நின்னாரு. "மூணு பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு பேரா போய் நின்னா அவன் என்ன சொல்வானோ தெரியாதுங்க. அதுவும் வயசுப் புள்ளையை இன்னொரு ஊட்டுல..."

"இன்னொரு ஊடா? நேத்து வரைக்கும் பாதி நாளு எங்க ஊட்டுலதான சாப்பிட்டுச்சு?"

"ஏனுங்க, ஏறறவங்க ஏறுங்க, எறங்கறவங்க எறங்குங்க"ன்னு கண்டக்டர் விசிலை வாயில வெச்சாரு. "மேட்டுப்பாளையத்துல கோயமுத்தூர் வண்டியைப் புடிக்கறவங்க இருக்காங்க. உங்க பஞ்சாயத்தை அடுத்த ட்ரிப்புல வெச்சுக்கங்க."

மருதாயி பஸ்சுல இருந்து இறங்கினா. நேரா பங்கஜத்துக்கிட்ட வந்து நின்னா. காலைல பாத்த சிரிப்பு இப்ப இல்ல.

"அம்மா, நான் படிக்காதவ. எனக்கு ஒரு பதில் மட்டும் வேணும். நீங்க எழுதினது பொய்யின்னா சொல்லுங்க. மூணு பேரும் எறங்கிர்றோம், பெட்டியைத் தூக்கிட்டு லயத்துக்கே போறோம். நெசம்னா அதைச் சொல்லுங்க. பாப்பாவை உங்ககிட்ட உட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் போறோம். அங்க அவங்க கால்ல உழுந்தாச்சும் கேட்டுக்கறோம். ஆனா தெரியாம எம் புள்ளையை உட்டுட்டுப் போக மாட்டேன். தெரியாம இங்க இருக்கவும் மாட்டேன். எங்க அப்பா காலத்துல இருந்து நாங்க தெரியாமலேதான் பெட்டி கட்டினோம்."

விசில் வாயை விட்டு எறங்கிருச்சு. கண்டக்டர் கூட பங்கஜத்தைத்தான் பாத்தாரு.

பத்துப் பூதத்துக்கும் ஒரு ராசாவுக்கும் வாரா வாரம் பேச்சு எழுதிக் குடுக்கறவளுக்கு ஒரே ஒரு வார்த்தை வரலை. பொய்யின்னு சொல்லிறலாம். அது சுலபம். நான் சொல்றதெல்லாமே பொய்தானே, அதுக்குத்தானே காசு குடுக்கறாங்க. வீட்டுக்காரரு வேலை அமாவாசை வரைக்குமாச்சும் நிக்கும். சத்தியம் நிக்கும்.

பக்கத்துல நின்ன தாரிணியைப் பாத்தா. சத்தியத்துல எல்லாம் உனக்கு நம்பிக்கை இருக்குதான்னு யாராச்சும் கேட்டிருந்தா, போன வாரம் வரைக்கும் இல்லைன்னு சொல்லியிருப்பா. மாயாஜாலம் எழுதறவளுக்கு மாயாஜாலம் எப்படிச் செய்யறாங்கன்னு தெரியும். இப்ப அந்தத் தெரிஞ்சது எதுவும் உதவலை. கண்ணுக்கு முன்னாடி ரெட்டைச் சடை போட்ட ஒரே ஒரு தலைதான் இருந்துச்சு.

தாரிணி அம்மாவோட வலது கையைப் புடிச்சா. தூக்கித் தன் தலை மேல வெச்சா.

"சொல்லும்மா."

"தாரிணி, வேண்டாம்..."

"நான் நல்லாத்தான் இருப்பேன். சொல்லு. சுகுணா கேட்டுட்டு இருக்கா."

ஜன்னல்ல சுகுணா இப்ப இவங்களைத்தான் பாத்துட்டு இருந்தா.

"நெசம்,"னா பங்கஜம். சத்தம் அவளுக்கே கேக்கலை. மறுபடியும் சொன்னா. "நெசந்தான் மருதாயி. அமாவாசையோட மூடறாங்க. நீங்க போங்க. புள்ளையை விட்டுட்டுப் போங்க."

மருதாயி தலையை ஆட்டினா, யாரோ பாக்கி வெச்சிருந்ததைத் திருப்பிக் குடுத்த மாதிரி. பஸ்சுக்குள்ள ஏறினா. சுகுணா இறங்கினா. பழனியாண்டி மேல ஏறி, கட்டின கயித்தை அவிழ்த்து, புள்ளையோட துணிப் பையை மட்டும் கீழ போட்டாரு. தாரிணி ஒரு கையால அதைப் புடிச்சா. பஸ்சு கிளம்பி வளைவுல மறையற வரைக்கும் ஜன்னல்ல மருதாயி கையி தெரிஞ்சிட்டே இருந்துச்சு.

அப்புறம்தான் பங்கஜம் கூட்டத்தைப் பாத்தா. நாப்பது பேரு இருக்கும். ஒருத்தரும் அழலை, ஒருத்தரும் கத்தலை. ஜெஸிந்தா இடுப்புல இருந்த பிள்ளையைத் தோளுக்கு மாத்திக்கிட்டு, ஃபேக்டரிப் பக்கம் திரும்பி ரெண்டு எட்டு வெச்சுச்சு. அது பின்னாடி இன்னும் நாலு பேரு. அப்புறம் எல்லாரும்.

ஃபேக்டரிப் பாதைல, எறக்கத்துல பாதி தூரத்துல, ஆறுக்குட்டி நின்னுட்டு இருந்தாரு. தொடச்ச துணி இன்னும் கைலயே இருந்துச்சு. எவ்வளவு கேட்டாரோ தெரியலை. அவரு கூட்டத்தைப் பாக்கலை. கீழ கேட்டுக்கிட்ட நிக்கற தன் மகளை மட்டும்தான் பாத்துட்டு இருந்தாரு.

"அம்மா, போலாம். கையை எடு,"ன்னா தாரிணி.

பங்கஜம் எடுக்கலை. எடுக்க அவளுக்குப் பயமா இருந்துச்சு.